சர்ஜனுக்கு மட்டும் தெரியக் கூடாது

மைக்கக்காவின் குரலைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. முகத்தைத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பேருந்து நிலையத்து அறிவிப்பு அறை ஒரு துணி அலமாரியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதற்குள் இருபத்திரண்டு வருஷமாக மைக் முன்னால் உட்கார்ந்துகொண்டு, எந்த பஸ் எங்கே நிற்கிறது, எது எவ்வளவு தாமதம், யார் பெற்ற பிள்ளை எந்தக் கடை வாசலில் நின்று அழுகிறது என்றெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதையும் இரண்டு முறை சொல்வாள். தொழில் பழக்கம். வீட்டில் சாப்பாடு தயார் என்பதையும் இரண்டு முறைதான் சொல்வாள். முதல் தடவையிலேயே எழுந்து வந்துவிட்டால் கணவனை முறைப்பாள்.

அவளுடைய மேல் உதட்டில் ஒரு தழும்பு. ஏழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து உதடு கிழிந்தது. தையல் போட்டவருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ, கோணிப்பை தைக்கிற மாதிரி தைத்து அனுப்பிவிட்டார். பேசும்போது ஒன்றும் தெரியாது. சிரித்தால்தான் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு மேலே ஏறும். அதனால் சிரிப்பு வரும்போதே வலது கையும் கூடவே வந்து வாயை மூடிக்கொள்ளும். அவள் சிரித்துப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எல்லாரும் உண்மையில் பார்த்தது அவளுடைய புறங்கையைத்தான்.

"எனக்கு இந்த முகமே போதும்" என்பான் மெக்கானிக்கான அவள் கணவன்.

"உங்களுக்குப் போதும்ங்க. எனக்குத் தோள் வலிக்குது. முப்பத்தெட்டு வருஷமா கையைத் தூக்கித் தூக்கி இறக்குறேன்."

ஒரே ஒரு தடவையாவது இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சிரித்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்காக ஊரிலேயே பெரிய முக அழகு மருத்துவமனையில் பெயர் பதிந்துவிட்டு எட்டு மாதம் காத்திருந்தாள். முறையைத் தவறவிட்டால் பட்டியலின் வாலுக்குப் போய்விடுவாள். வால் பதினான்கு மாத நீளம் என்று சொல்லியிருந்தார்கள்.

முறை வருவதற்கு இரண்டு வாரம் முன்பு இருமலுக்கு மருந்து வாங்கத் தெருமுனை டாக்டரிடம் போனாள். ஆபரேஷன் பண்ணிக்கொள்ளப் போவதைச் சொன்னதும் அவர் தொண்டையைப் பார்க்காமல் உதட்டோரத்தைப் பார்த்தார். அங்கே ஆறிப்போன ஒரு பொருக்கு இருந்தது.

"இது அடிக்கடி வருமா?"

"வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை வரும் டாக்டர். முதல்ல சுருக்கு சுருக்குன்னு குத்தும், அப்புறம் கொத்தாக் கொப்புளம் கிளம்பும். காய்ச்சல் வந்தா வரும், வெயில்ல அலைஞ்சா வரும், என் நாத்தனார் வந்து தங்கினாலும் வரும்."

"இதுக்குப் பேரு ஹெர்பிஸ்."

மைக்கக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "மெதுவாச் சொல்லுங்க டாக்டர். நான் குடும்பத்துக்காரி."

"குடும்பத்துக்காரிக்குத்தாம்மா வரும். சின்ன வயசுல எந்த அத்தையோ கன்னத்துல முத்தம் குடுத்திருப்பாங்க, வந்து உட்கார்ந்திருக்கும். ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு. சும்மா தூங்கிட்டுக் கிடக்கற வைரஸ்தான். ஆனா உதட்டுல கத்தியோ லேசரோ வெச்சா முழிச்சுக்கும். பச்சைப் புண்ணுல பரவினா இப்ப இருக்கற தழும்பே தேவலைங்கற மாதிரி ஆயிடும்."

"அப்ப பண்ணிக்கவே கூடாதா?"

"தாராளமாப் பண்ணிக்கலாம். அறுக்கறவருக்கு முன்கூட்டியே தெரியணும், அவ்வளவுதான். அவரு ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாலயே வைரஸ் மாத்திரை ஆரம்பிச்சு, புண்ணு ஆறுற வரைக்கும் குடுப்பாரு. அன்னைக்குக் கொப்புளம் இருந்தா தள்ளிப் போடுவாரு. இதுல ஒரு வித்தையும் இல்ல." சொல்லிவிட்டு, சர்ஜனுக்கு மூன்று வரியில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். "இதை அவர் கையில குடுங்க. போதும்."

கடிதத்தைக் கையில் கொடுப்பது என்ன பெரிய காரியம் என்றுதான் மைக்கக்காவும் நினைத்தாள். பாவம், அவள் அதுவரை பஸ்களோடு மட்டுமே பழகியவள்.

மருத்துவமனை வாசலில் 'இங்கு நோயாளிகள் இல்லை, விருந்தினர்கள் மட்டுமே' என்று பித்தளை எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே போனதும் வரவேற்புப் பெண் பதினான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தாள். பிடித்த நிறம், கண்ணாடியில் ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்த்துக்கொள்கிறீர்கள், முழு நிலவைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். நிலவைப் பார்த்தால் கடைசி பஸ் போய்விட்டது என்று தோன்றும் என மைக்கக்கா நேர்மையாக எழுதினாள். கடைசிப் பக்கம் வரை புரட்டியும் நோயைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

"ஏம்மா, நோய் ஏதாவது இருந்தா எங்க எழுதணும்?"

வரவேற்புப் பெண்ணின் புன்னகை அப்படியே உறைந்தது. மேஜைக்கு அடியில் எதையோ அமுக்கினாள். உடனே கூடம் முழுக்க ஒலிபெருக்கி அலறியது.

"ரகசிய விருந்தினர் ஒருவர் வந்திருக்கிறார். வரவேற்பு மேஜை அருகே, பச்சைப் புடவை, கையில் மஞ்சள் பை. ரகசியப் பிரிவு ஊழியர்கள் உடனே வரவும்."

கூடத்தில் இருந்த அறுபது பேரும் பச்சைப் புடவையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். மைக்கக்கா திருதிருவென்று விழித்தாள். அந்தக் கலவரத்திலும், அறிவிப்பைச் சொன்னவன் மூச்சை எங்கே விடுவது என்று தெரியாமல் நடுவாக்கியத்தில் விடுகிறான் என்பதை அவள் காது கவனித்துவிட்டது.

ஓர் ஊழியர் ஓடிவந்து அவள் மணிக்கட்டில் ஊதா நிறப் பட்டை ஒன்றை மாட்டினார். கூடத்தின் நடுவில் கொஞ்சம் உயரமாக ஊதா நாற்காலி ஒன்று இருந்தது. ரகசிய விருந்தினர்கள் மற்றவர்களோடு கலந்துவிடக் கூடாதாம். அதில் உட்கார வைத்தார்கள்.

அரைமணி நேரம் கழித்து ரகசிய அதிகாரியம்மா கூப்பிட்டாள். ரகசியப் பிரிவு என்பது கூடத்தின் ஓரத்தில் ஒரு திரைச்சீலையும் அதற்குப் பின்னால் ஒரு மேஜையும். அதிகாரியம்மா கடிதத்தை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"விதி நாலு. பதியறதுக்கு முன்னால ரகசியத்தை மூணு தடவை உரக்கப் படிச்சு உறுதி செய்யணும். ஒரு எழுத்துக்கூடத் தப்பாப் பதிஞ்சுடக் கூடாது பாருங்க."

"அய்யோ, வேண்டாங்க…"

அதிகாரியம்மா படித்தாள். ஹெர்பிஸ் என்ற இடத்தில் நிறுத்தி, எழுத்துக்கூட்டிப் படித்தாள். மூன்று தடவை. திரைக்கு அந்தப் பக்கம் கூடத்தில் இருமல்கூட நின்றுபோனது. பிறகு கடிதத்தை ஓர் உறைக்குள் போட்டு, அந்த உறையை இன்னோர் உறைக்குள் போட்டு, அதையும் மூன்றாவது உறைக்குள் போட்டு அரக்கு வைத்தாள்.

"இனிமே இது பத்திரம். எங்க ஆஸ்பத்திரி ஆரம்பிச்சு பதினோரு வருஷமாச்சு. இங்க பதிஞ்ச ரகசியம் ஒண்ணுகூட வெளிய போனதில்ல. உள்ளயும் போனதில்ல."

"உள்ள போகணுமே! இதை சர்ஜன் எப்பப் படிப்பார்?"

அதிகாரியம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "சர்ஜனா? அவர் எதுக்குப் படிக்கணும்? உங்க முகத்தை நேருக்கு நேர் பார்க்கப் போற ஒரே ஆளு அவருதான். அவருக்குத் தெரிஞ்சா உங்களுக்கு எவ்வளவு சங்கடம்! முக்கியமா அவர்கிட்ட இருந்து காப்பாத்தத்தான் இந்தப் பிரிவே இருக்கு."

"அவருக்குத் தெரியறதுக்குத்தானே அந்தக் கடிதமே…"

"எல்லா விருந்தினரும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க. அப்புறம் பழகிடும்." இருபத்தேழு இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று மைக்கக்கா கேட்டதற்கு அதுவும் ரகசியம்தான் என்றாள்.

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகே வந்தாள். "கவலைப்படாதீங்கக்கா. எனக்கும் அதேதான். வெயில்ல போனா வந்துடும்." லிஃப்ட்காரர், மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று தைரியம் சொன்னார். பக்கத்து டீக்கடையில் டீ ஆற்றுகிறவர், "உதட்டுல இருக்கறவங்கதானே? தனி கப்புல தரட்டுமா?" என்று அன்பாகக் கேட்டார். ஊருக்கே தெரிந்துவிட்டது. இரட்டைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சத்தம் புகாத அறையில் உட்கார்ந்திருந்த சர்ஜன் ஒருவருக்குத்தான் தெரியவில்லை.

அவரைப் பார்க்கும் நாளும் வந்தது. கூடவே ரகசியப் பிரிவிலிருந்து கையில் ஒரு மணியோடு ஒருவரை அனுப்பியிருந்தார்கள். விருந்தினர் வாய் தவறினால் அடிப்பதற்கு. சர்ஜன் நல்ல மனிதர், களைத்த மனிதர். தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுலபம்மா. பழைய தழும்பை எடுத்துட்டு நல்லாத் தைச்சு, மேல லேசர் போட்டா நூல் மாதிரி ஆயிடும். என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

"ஆமா டாக்டர். எனக்கு உதட்டுல…"

மணி கணகணவென்று அடித்தது. சர்ஜன் காதைப் பொத்திக்கொண்டு பெருமூச்சு விட்டார். அப்போதுதான் ஊதாப் பட்டையைப் பார்த்தார்.

"ஊதாவா? ஊதான்னா பத்தொன்பது விஷயம் இருக்கும்மா. குறட்டையில இருந்து பொய்ப்பல் வரைக்கும். நானே கேக்கறேன், நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க. சர்க்கரையா?"

மைக்கக்கா தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். மணி அடித்தது.

"ரத்தக் கொதிப்பா?"

மணி.

"கண்ணைச் சிமிட்டுங்களேன்."

மணிக்காரர் குனிந்து அவள் கண்ணையே உற்றுப் பார்த்தார். கண்ணில் தூசி விழுந்தால்கூட அடித்துவிடுவார் போலிருந்தது. சர்ஜன் கைவிரித்தார். அன்று சாயங்காலமே ரகசியப் பிரிவிலிருந்து புது உத்தரவு வந்தது. இந்த விருந்தினருக்குச் சொல்லும் ஆசை அதிகமாக இருப்பதால், மயக்க ஊசி போட்டுத் தூங்க வைத்த பிறகே சர்ஜன் அவரைச் சந்திக்க வேண்டும்.

மெக்கானிக் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு சர்ஜனைக் கேட்டான். இணைப்பு ரகசியப் பிரிவுக்குப் போனது. வாகனங்கள் நிறுத்துமிடத்தில் சர்ஜனின் காரை மறித்து, கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சொன்னான். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சர்ஜன் அவனை வண்டி துடைக்கிறவர் என்று நினைத்து, வேண்டாம் என்று கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

"போகாத" என்றான் வீட்டுக்கு வந்து. "உனக்கு என்ன குறைச்சல்?"

"போகலைன்னா பதினாலு மாசம். பதினாலு மாசம் கழிச்சு மட்டும் அந்தம்மா உறையைப் பிரிச்சுடுவாங்களா?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழும்போதும் கை வாய்க்குத்தான் போனது.

அறுவை சிகிச்சை நாளன்று காலையில் கண் விழித்தபோதே உதட்டோரம் சுருக்கு சுருக்கென்றது. பல் துலக்கி முடிப்பதற்குள் கொப்புளம் கொத்தாகக் கிளம்பிவிட்டது. இரண்டு வாரமாகப் பட்ட கவலைக்கு அது கிளம்பாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். மைக்கக்காவுக்கு முதலில் பகீரென்றது. அப்புறம் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இனி ஒருவரும் ஒன்றும் சொல்ல வேண்டாம், பார்க்கிறவருக்கே தெரிந்துவிடுமே!

நர்ஸ் பார்த்தாள். "அச்சச்சோ, ரகசியம் வெளிய தெரியுதே!" என்று பதறி, ஓர் ஊதா பிளாஸ்திரியை எடுத்துக் கொப்புளத்தின் மேல் ஒட்டிவிட்டாள்.

"சிஸ்டர், இது இருந்தா இன்னைக்கு ஆபரேஷன் பண்ணக் கூடாது!"

"அது எனக்குத் தெரியாதும்மா. மூடின ரகசியத்தைத் திறக்கற அதிகாரம் ரகசிய மேடத்துக்குத்தான் இருக்கு. அவங்க மதியம்தான் வருவாங்க."

"சர்ஜன் எப்படி அறுப்பார்? இந்தப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கற இடத்துலதானே வேலையே!"

நர்ஸ் கொஞ்சம் யோசித்தாள். "ரகசியத்தைச் சுத்தி அறுப்பார்."

அவளைச் சக்கரக் கட்டிலில் படுக்க வைத்து மணிக்காரர் மூன்றாம் எண் ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. நாலாவது விளக்குக்கு அப்பால் மயக்க ஊசி, அதற்கப்பால் கத்தி. தெருமுனை டாக்டர் சொன்னது காதுக்குள் ஓடியது. இப்ப இருக்கற தழும்பே தேவலைங்கற மாதிரி ஆயிடும். அறுக்கறவருக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

திருப்பத்தில் ஒரு கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு மேஜை, மேஜைமேல் மைக். அறிவிப்பாளன் டீ குடிக்கப் போயிருந்தான்.

"கொஞ்சம் நிறுத்துங்க. மூத்திரம் வருது" என்றாள்.

மணிக்காரருக்கு மூத்திரத்துக்கு மணி அடிக்கலாமா என்று தெரியவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அதற்குள் மைக்கக்கா பின்னால் முடிச்சுப் போட்ட பச்சை அங்கியோடு இறங்கி, அறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். மைக்கை ஒரு விரல் அகலம் தள்ளி வைத்தாள். அவ்வளவு கிட்டத்தில் வைத்தால் மூச்சு விழும் என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போல. பிறகு பொத்தானை அழுத்தினாள்.

"மூன்றாம் எண் அறையில் கத்தியுடன் காத்திருக்கும் டாக்டரின் அன்பான கவனத்திற்கு. தங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும் மேல் உதட்டுத் தழும்பு, ஹெர்பிஸ் வைரசுடன் வருகிறது. இன்று காலை ஏழு மணிக்கு ஊதா பிளாஸ்திரிக்கு அடியில் கொப்புளம் கிளம்பியிருக்கிறது. ஆகவே ஒன்பது முப்பதுக்குப் புறப்பட வேண்டிய அறுவை சிகிச்சை ரத்து செய்யப்படுகிறது. கொப்புளம் முழுதும் ஆறிய பின்னர், முன்கூட்டியே கொடுக்கப்படும் வைரஸ் மாத்திரைகளுடன், அது வேறொரு நாளில் புறப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

மூச்சு விட்டாள். பிறகு அதையே இன்னொரு முறை சொன்னாள்.

அந்த ஆஸ்பத்திரியில் சத்தம் புகாத அறைகளிலும் ஒலிபெருக்கி உண்டு. நிறுவனரின் பிறந்த நாள் உரையை யாரும் தப்பவிடக் கூடாது என்று வைத்தது. மூன்றாம் எண் அறையிலிருந்து சர்ஜன் கையுறையோடு ஓடிவந்தார்.

"ஹெர்பிஸா? அட, அவ்வளவுதானா! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா!"

மைக்கக்கா கதவைத் திறந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். சர்ஜன் தலையைக் குனிந்துகொண்டார். அவரே பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்தார். மணிக்காரர் மணியை ஓங்கினார். "அடிச்சா அதை முழுங்க வெச்சுடுவேன்" என்றார் சர்ஜன். அப்படியே தன் முகக்கவசத்தை இறக்கிக் காட்டினார். அவருடைய உதட்டோரத்திலும் ஒரு பொருக்கு இருந்தது. "எனக்கும் இருக்கும்மா. மாத்திரை வீட்டுலயே வெச்சிருக்கேன்."

கூடத்திலிருந்து வரிசையாக ஆட்கள் வந்தார்கள். எனக்கும் லேசர் போடணும், எனக்கும் அதுதான், நானும் சொல்ல வந்தேன் என்று பதினேழு பேர். வரவேற்புப் பெண் பதினெட்டாவதாகச் சேர்ந்துகொண்டாள். மதியம் வேலைக்கு வந்த ரகசிய அதிகாரியம்மா மட்டும், "எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றாள். கையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்.

அன்றைக்கே விசாரணை வைத்தார்கள். இயக்குநர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். மேஜை மிகப் பெரியது, அவர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தது.

"ஒரு விருந்தினரோட ரகசியத்தை ஒலிபெருக்கியில பரப்பியிருக்கீங்க. இது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா?"

"அது என்னோட ரகசியம்தாங்க."

"கையெழுத்துப் போடற வரைக்கும் உங்களோடது. போட்ட பிறகு எங்களோடது. நீங்க திருடினது எங்க சொத்தை." இயக்குநர் உருக்கமாகத் தொடர்ந்தார். "பதினோரு வருஷமா இங்க வேலை பார்க்கற ஒரு சர்ஜனுக்கும் எந்த விருந்தினரைப் பத்தியும் ஒரு தகவலும் தெரியாது. இந்தப் பெருமை வேற எந்த ஆஸ்பத்திரிக்கு இருக்கு? அதை ரெண்டு நிமிஷத்துல கெடுத்துட்டீங்களே!"

"ரெண்டு தடவை சொன்னதால ரெண்டு நிமிஷம். ஒரு தடவைன்னா ஒரு நிமிஷம்தாங்க" என்றாள் மைக்கக்கா.

என்ன தண்டனை கொடுப்பது என்று பேசினார்கள். தண்டிக்க வேண்டுமானால் குற்றத்தை எழுத வேண்டும். குற்றத்தை எழுதினால் ரகசியம் கோப்பில் ஏறிவிடும். இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, அப்படி ஓர் அறிவிப்பே நடக்கவில்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை உரக்கப் படித்து உறுதி செய்தார்கள்.

கொப்புளம் ஆறிப் பொருக்கும் உதிரும்வரை சர்ஜன் மூன்று வாரம் காத்திருந்தார். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பே மாத்திரையைத் தொடங்கினார். முடிந்த பிறகும், புண் முழுதாக ஆறும்வரை நிறுத்தவில்லை. வைரஸ் தூக்கம் கலையவில்லை. தழும்பு அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். கிட்டத்தில் வந்து தேடிப் பார்த்தால் ஒரு நூல் தெரியும். மெக்கானிக் அடிக்கடி கிட்டத்தில் வந்து தேடிப் பார்த்தான்.

இரண்டு மாதம் கழித்து, காலை நெரிசலில், அறிவிப்பு அறைக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அரக்கு வைத்த உறை. அதற்குள் இன்னோர் உறை. அதற்குள்ளும் ஒன்று. கடைசியில் தெருமுனை டாக்டர் எழுதிய மூன்று வரிக் கடிதம் மடிப்புக் கலையாமல் இருந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு.

'தங்கள் ரகசியக் கடிதத்தை இத்துடன் பாதுகாப்பாகத் திருப்பி அனுப்புகிறோம். தங்கள் சர்ஜன் இன்றுவரை இதைப் படிக்கவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

மைக்கக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு நாற்காலி குலுங்கியது. கண்ணில் நீர் முட்ட முட்டச் சிரித்தாள். ஒரு கையில் கடிதம், இன்னொரு கையில் சீட்டு. முந்தின அறிவிப்பை முடித்துவிட்டு மைக்கை அணைக்க மறந்திருந்தாள் என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரிந்தது. கையால் வாயை மூடியிருந்தால் அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்காது.

பேருந்து நிலையம் முழுக்க அந்தச் சிரிப்பு ஓடியது. டிரைவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். மூட்டை முடிச்சோடு நின்ற இரண்டு பேர் அறிவிப்பு அறை ஜன்னலுக்கு ஓடிவந்தார்கள்.

"இப்பச் சொன்னீங்களேக்கா, அந்த பஸ் எங்க நிக்குது?"